கேம் பாய் அட்வான்ஸுக்கு எந்தத் திரையை வாங்கலாம்?

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான பழைய கேம் பாய் அட்வான்ஸின் இருண்ட திரையை மாற்ற எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது 2001-இல் வெளிவந்த, மடிக்க இயலாத முதல் வடிவம் என்று கொண்டு என் அனுபவத்தை எழுதுகிறேன்.

என்னுடையது அண்ணன் விளையாடி எனக்குக் கொடுத்தது. அதன் திரைக்குப் பின்விளக்கு கிடையாது. வெளிச்சம் விழுந்தால்தான் படம் தெரியும் என்பதால், சன்னலோரமே எங்கள் இடமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு பின்விளக்குள்ள ஒரு மூன்று அங்குல ஐபிஎஸ் திரையை (எந்தக் கோணத்திலும் தெளிவாகத் தெரியும் வகை) வாங்கினேன். அப்படியே பொருந்தும் என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். திறந்து பார்த்தபோதுதான், கருவியின் வெளிக்கூட்டின் உட்புற விளிம்புகளை வெட்டாமல் அத்திரை உட்காராது என்பது தெரிந்தது. வெட்டினேன், கத்தி வழுக்கி, அண்ணன் அத்தனை ஆண்டுகள் கீறல் விழாமல் காத்த முகப்பில் விரிசல் கண்டது. அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை. ஆகவே, அந்தத் திரைக்கென்றே வெட்டி வடிவமைத்த புதுக் கூட்டையும் சேர்த்து வாங்குங்கள். மூலக் கூட்டைத் தொடாதீர்கள்.

திரையின் அளவைவிட, படத்தை ஆக்கும் புள்ளிகளின் (பிக்சல்) கணக்கு முக்கியம். மூலத் திரை 240×160. 720×480 திரையில் ஒவ்வொரு புள்ளியும் சரியாக மும்மடங்காகும். கணக்கு முழு மடங்காக வராத திரையில் சில புள்ளிகள் தடித்து, படம் நகரும்போது நெளிவது போலத் தெரியும். உங்கள் கருவியின் மின்சுற்றுப் பலகையில் திரையைப் பொருத்தும் இணைப்பி 32 ஊசியா 40 ஊசியா என்பதையும் பாருங்கள். இரண்டு வகையும் உண்டு, திரையைப் பலகையோடு இணைக்கும் நாடாக் கம்பியும் அதற்கேற்ப மாறும்.

திரையை மாற்றினால் பழமை கெடும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கருத்தை மதிக்கிறேன். பல விளையாட்டுகளின் வண்ணங்கள் அந்த இருண்ட திரையை எண்ணியே தூக்கலாக அமைக்கப்பட்டவை என்பதும், முழு ஒளியில் அவை வெளிறித் தெரியும் என்பதும் உண்மையே. ஒளியை ஓரிரு படிகள் குறைத்தால் அக்குறை பெரும்பாலும் தீர்கிறது, இரண்டு ஏஏ மின்கலங்களும் கூடுதல் நேரம் உழைக்கின்றன. ஆனால் கண் வலிக்க விளையாடுவதைப் பழமை காப்பதாக என்னால் ஏற்க முடியவில்லை.

புதிய திரையின் காப்புத்தாளை உரிப்பதற்கு முன்பே இணைத்து இயக்கிப் பாருங்கள். என் முதல் திரையில் இயங்காத, இறந்த புள்ளி ஒன்று இருந்தது. தாளை உரித்துவிட்டதால் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.