முற்றத்தில் படரவிட்ட அழகுச் செடிகளைக் கீரையாகச் சமைக்கலாமா?

கேள்வி: தரை தெரியாமல் படர வேண்டும் என்று நர்சரியில் மூன்று செடிகள் வாங்கி வைத்தோம். சிவப்புப் பொன்னாங்கண்ணி, மஞ்சள் பூ பூக்கும் வெடிலியா, வல்லாரை மாதிரி வட்ட இலை உள்ள ஒன்று. எல்லாம் மண்டிக் கிடக்கிறது. பறித்துச் சமைக்கலாமா?

பதில்: வெடிலியா வேண்டவே வேண்டாம். மஞ்சள் கரிசாலை (மஞ்சள் கரிசலாங்கண்ணி) என்று நினைத்துப் பலர் இதைப் பறிக்கிறார்கள். கரிசாலையின் இலை குறுகி நீண்டிருக்கும், பூவும் சிறியது. வெடிலியாவின் இலை தடித்துப் பளபளக்கும், இரு பக்கமும் பல் போல ஒரு மடல் துருத்தி நிற்கும். இதை மேய்ந்த கால்நடைகளுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதாகப் பதிவுகள் உண்டு.

வட்ட இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி போலச் சேர்ந்திருந்தால் அது வல்லாரை அல்ல, தொட்டியில் வளர்க்கும் அழகுச் செடி. வல்லாரைக்குக் காம்பு, இலை ஓரத்தில் உள்ள வெட்டில்தான் சேரும்.

சிவப்புப் பொன்னாங்கண்ணியைச் சாப்பிடலாம். ஆனால் பூவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இலைக் கணுவிலேயே ஒட்டினாற்போல் சிறு வெள்ளைப் பூக்கள் இருக்க வேண்டும். நீண்ட காம்பின் நுனியில் பந்து போலப் பூ நின்றால் அது வேறு இனம்; அழகுக்கு மட்டும் வையுங்கள்.

இனம் சரியாக இருந்தாலும் இப்போது இருக்கும் இலையைப் பறிக்காதீர்கள். அழகுச் செடி என்று விற்பதால் அதற்கு அடிக்கும் மருந்தில் யாரும் உணவுக் கட்டுப்பாடு பார்ப்பதில்லை. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகளை வேர் உறிஞ்சி இலை முழுக்கக் கொண்டுபோகும். உப்புத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கும். அதனால் செடியைப் புதுமண்ணுக்கு மாற்றுவதே வழி.

நுனியில் இருந்து நான்கு அங்குலம் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. வேர் பிடிக்கும்வரை நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். நட்ட நுனியிலும் பழைய மருந்து கொஞ்சம் இருக்கும்; ஆகவே முதல் இரண்டு அறுப்பை எறிந்துவிடுங்கள். மூன்றாவதிலிருந்து சமையலுக்கு எடுக்கலாம். நாய், பூனை நடமாடும் இடத்திலும் சோப்புத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்திலும் தொட்டியை வைக்காதீர்கள்.

பூக்கும் முன்பே கிள்ளுங்கள், பூத்தால் தண்டு நாராகிவிடும். நான்கு கைப்பிடி கீரைக்குக் கால் கப் பாசிப்பருப்பு போதும். பொன்னாங்கண்ணியில் ஆக்சலேட் என்னும், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய உப்பு அதிகம். கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, அந்தச் சிவப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, பிறகு பருப்போடு சேருங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.