கொழுப்புக்குள் ஒளியும் லிம்ஃபோமா: வாசகர் கேள்விகள்

தோலுக்கடியில் வரும் கட்டிகளைப் பற்றி வந்த கடிதங்களில் சில, ஒரே அபூர்வ நோயைச் சுற்றியே இருந்தன. அதன் பெயர் ரயில் வண்டி நீளம்: சப்கியூட்டேனியஸ் பேனிகுலைட்டிஸ்-லைக் டி-செல் லிம்ஃபோமா. தோலடிக் கொழுப்பில் சாதாரண அழற்சிபோல வேடமிட்டு வரும், டி செல் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளை அணுவின் புற்றுநோய் என்று பொருள். நான் மருந்து எழுதும் டாக்டர் அல்ல, மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும் பெத்தாலஜிஸ்ட். என் பதில்களில் ஃபார்மலின் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 29 வயது. தொடையிலும் கையிலும் கட்டிகள், விட்டுவிட்டுக் காய்ச்சல். முதலில் காசநோய் என்றார்கள், பிறகு லூபஸ் என்றார்கள், இப்போது லிம்ஃபோமா என்கிறார்கள். யாரை நம்புவது, டாக்டர்?

முதல் இருவரையும் திட்டாதீர்கள். கட்டியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நம் ஊரில் எந்த மருத்துவருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். காசநோயை ஒட்டி வரும் கொழுப்பு அழற்சி பெரும்பாலும் கெண்டைக்காலில் தங்கும். இந்த லிம்ஃபோமாவோ தொடை, கை, உடம்பு என்று பரவும், சில சமயம் முகத்திலும் வரும். கட்டி தானாகவே வற்றி, அந்த இடம் குழிந்துபோவதும் உண்டு. 'சரியாகிவிட்டது' என்று நாள் கடத்துவது அதனால்தான்.

லூபஸ் விஷயம் இன்னும் சிக்கல். 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இந்த நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோயும் கூடவே இருந்தது. பெண்களே அதிகம், இளவயதினரும் நிறைய. ஆகவே மூவரில் இருவர் சரியாகவே சொல்லியிருக்கவும் கூடும். தீர்ப்பு சொல்லவேண்டியது திசுதான்.

இரண்டு முறை பயாப்ஸி எடுத்தும் 'குறிப்பிட்ட காரணம் தெரியாத அழற்சி' என்றே ரிப்போர்ட் வந்தது. மூன்றாவது முறையும் வெட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். ஆனால் எப்படி வெட்டுகிறார்கள் என்பதைக் கேளுங்கள். நோய் இருப்பது கொழுப்பில். பஞ்ச் என்னும் சிறிய துளைக்கருவியால் எடுத்தால் பல நேரங்களில் பாட்டிலில் வருவது அரிசிமணி அளவுத் தோல்தான், அடியில் இருக்கும் கொழுப்பு வருவதில்லை. சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலையை மட்டும் கையில் கொடுத்து, பருப்பு வெந்ததா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? கத்தியால் ஆழமாக, கொழுப்போடு சேர்த்து எடுக்கவேண்டும். வற்றிய கட்டியில் அல்ல, புதிதாக எழும்பிய கட்டியில் எடுக்கவேண்டும். முடிந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே எடுப்பது நல்லது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தபின் செல்கள் அடையாளம் காட்ட மறுக்கும்.

சரியான துண்டு வந்தால் காட்சி இப்படி இருக்கும்: கொழுப்பு, பதப்படுத்தும்போது கரைந்துவிடுவதால் ஒவ்வொரு கொழுப்புச் செல்லும் வெறும் வட்ட அறையாகத் தெரியும். அந்த வட்டத்தின் விளிம்பில், வளையலில் கல் பதித்தாற்போல, கோணல்மாணலான கருநிற உட்கருக்கள் கொண்ட டி செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே செத்த செல்களின் குப்பையை விழுங்கிப் பெருத்த மேக்ரோபேஜ்கள். ஆனால் இந்த 'வளையல்' வேறு சில நோய்களிலும் அங்கொன்று இங்கொன்றாகத் தெரியும். அதை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பவரைக் கண்டால் எனக்குப் பயம்.

அதனால்தான் ஐஎச்சி என்னும் சாயச் சோதனை; சிடி8, சிடி4 போன்ற எந்தெந்த அடையாளப் புரதங்கள் செல்லில் இருக்கின்றன என்று அது காட்டும். சிடி8 பாசிட்டிவ், சிடி4-உம் சிடி56-உம் நெகட்டிவ், கிரான்சைம் பி போன்ற செல்கொல்லிப் புரதங்கள் பாசிட்டிவ் என்றால் படம் பொருந்துகிறது. மாறாக பி செல் முடிச்சுகளும் பிளாஸ்மா செல்களும் நிறைந்திருந்தால் என் மனம் லூபஸ் பக்கம் சாயும்.

ரிப்போர்ட்டில் 'காமா-டெல்டா நெகட்டிவ்' என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

நல்லது, மிக நல்லது. டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியை வைத்து ஆல்ஃபா-பீட்டா, காமா-டெல்டா என்று இரண்டு வகை உண்டு. முன்பு இரண்டு வகை லிம்ஃபோமாவையும் ஒரே பெயரில் அழைத்துவந்தோம். பிறகுதான் ஆல்ஃபா-பீட்டா வகைக்கு மட்டும் இந்தப் பெயர் என்று ஒதுக்கி, காமா-டெல்டாவைத் தனி நோயாகப் பிரித்தார்கள். மேலே சொன்ன ஆய்வில் ஆல்ஃபா-பீட்டா நோயாளிகளில் ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 80 சதவீதம். காமா-டெல்டாவில் அது 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. புண்ணாகி உடையும் கட்டி என்றால் காமா-டெல்டாவைக் கட்டாயம் தேடவேண்டும்.

கணவருக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. பிளேட்லெட் குறைகிறது, ஃபெரிட்டின் என்னும் இரும்பைச் சேமிக்கும் புரதம் பல ஆயிரத்தில் இருக்கிறது. அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட்.

அடுத்த வாரம் வேண்டாம், அம்மா. இன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். நோயெதிர்ப்பு மண்டலம் கட்டவிழ்ந்து சொந்த ரத்தச் செல்களையே விழுங்கும் எச்எல்எச் என்ற நிலையாக இது இருக்கலாம். இந்த லிம்ஃபோமாவில் உயிருக்கு உலை வைப்பது கட்டியைவிட இதுதான். எச்எல்எச் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டு கடந்த அதே ஆய்வில், அது வந்தவர்களில் பாதிப் பேர்கூடக் கடக்கவில்லை.

இது பரம்பரை நோயா?

தொற்று நோய் அல்ல. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. 2018இல் வந்த ஆய்வு ஒன்றில், இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஹெச்ஏவிசிஆர்2 என்னும் மரபணுவில் பிறவிக் கோளாறு இருந்தது. டி செல்லுக்கு பிரேக் போல வேலை செய்யும் டிம்-3 என்ற புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. புரதம் சரியாக மடியாமல் செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேராவிட்டால் பிரேக் பிடிக்காது. கிழக்கு ஆசியர்களிடமும் பாலினேசியர்களிடமும் ஒரு குறிப்பிட்ட மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் பெரும்பாலும் பாதிப்பு. நோயாளியின் பிள்ளைகளுக்கு நோய் வருமோ என்ற பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீமோ தேவையா?

ரத்தவியல் மருத்துவர் சொல்லவேண்டிய பதில் இது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: எச்எல்எச் இல்லாதபோது பிரெட்னிசோலோன், சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட் போன்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளிலேயே பலருக்கு அடங்கிவிடுகிறது. அதனால் எடுத்த எடுப்பிலேயே கடும் கீமோ என்றால், காரணம் என்ன என்று கேட்பதில் தவறில்லை.

வேறு பெத்தாலஜிஸ்ட்டிடம் காட்ட என்ன எடுத்துப்போக வேண்டும்?

ரிப்போர்ட் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளோடு, திசு பதிந்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கட்டிகளின் புகைப்படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: அந்த மெழுகுக் கட்டியை மே மாத வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடிக்கடியில் வைத்துவிட்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போய்விடாதீர்கள்.