தட்டைப் பலகைச் சுக்கானை இறக்கை வடிவத்துக்கு மாற்றலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிளைவுட்டில் 12 அடிப் பாய்மரப் படகு ஒன்றைத் தானே கட்டியிருக்கிறார். சுக்கான் என்பது 12 மி.மீ. பிளைவுட்டை அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கியது, அவ்வளவுதான். காற்று மெதுவாக இருந்தால் பிரச்சினை இல்லை. வேகம் கூடினால் டில்லர், அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடி, கையை இழுக்கிறது. திடீரென ஒரு வீச்சு வந்தால் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பிவிடுகிறது, டில்லரை எவ்வளவு இழுத்தும் கேட்பதில்லை. இறக்கை வடிவில் சுக்கான் செய்தால் இது தீருமா, உள்ளூர் ஆசாரியை வைத்தே செய்ய முடியுமா என்பது அவர் கேள்வி.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. படகு கேட்காமல் போவது ஒன்று, டில்லர் கனப்பது இன்னொன்று. இறக்கை வடிவம் முதல் கோளாறைத்தான் சரிசெய்யும். கனம் என்பது பலகை எந்த இடத்தில் தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. புதுப் பலகையைப் பழைய இடத்திலேயே மாட்டினால் கைவலி அப்படியேதான் இருக்கும்.

மரத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. நல்ல காற்றில் நேராக ஓட்டிக்கொண்டே டில்லர் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சமாக விலகியும் கனமாக இருந்தால் பலகையின் இருப்பிடம் தவறு. நேராகப் போவதற்கே 15 டிகிரி அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் குற்றம் சுக்கானில் இல்லை. படகு அதிகமாகச் சாய்கிறது, அல்லது பாய் மிகவும் பின்னால் தள்ளி நிற்கிறது. படகு சாயும்போது பாயின் விசை ஒரு பக்கமாக வெளியே போய்விடும், தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகமும் ஒருபக்கம் உப்பிய வடிவமாகிவிடும். இரண்டும் சேர்ந்து படகைக் காற்றின் பக்கம் திருப்பும். அதற்கு மருந்து பாய்க்கயிற்றைத் தளர்த்துவதும், உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்துவதும்தான். மலைகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீரில் காற்று ஒரே சீராக வராது, விட்டுவிட்டு அடிக்கும். ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் பாய்க்கயிற்றைக் கட்டிப்போடாமல் கையிலேயே வைத்திருங்கள்.

சரி, வடிவத்துக்கு வருவோம். தட்டைப் பலகையைக் கொஞ்சம் திருப்பினாலே, அதன் முன் ஓரத்தில் தண்ணீர் பலகையை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கிவிடும். பத்து டிகிரிக்குள்ளேயே இது நடக்கலாம். அதற்கு மேல் திருப்பினால் திருப்பும் விசை கூடாது, பிரேக்தான் போடும். டில்லரை இழுத்தும் படகு கேட்காமல் போனது இதனால்தான். அந்த நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தால் சுக்கானுக்குப் பின்னே தண்ணீர் குமிழியிட்டுச் சுழல்வது தெரியும். இறக்கை வடிவில் முன்விளிம்பு உருண்டையாக இருப்பதால் தண்ணீர் வளைந்து ஒட்டியே ஓடுகிறது. ஏறக்குறைய 15 டிகிரி வரை பிடி விடாது. அணைப் பக்கம் மீன் வறுவலுக்குப் போகிறவர்கள் ஒரு கட்லாவை முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் போதும்: தலை உருண்டை, தலைக்குச் சற்றுப் பின்னே பருமன், அப்புறம் வால்வரை மெல்ல ஒடுங்குவது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இதற்கான அளவுகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாசாவுக்கு முன்பிருந்த நாகா என்ற அமெரிக்க அமைப்பு 1930களில் வெளியிட்ட வடிவங்களில் 0012 என்பது சிறு படகுக்குப் போதுமானது. முதல் இரண்டு சுழி, இருபக்கமும் ஒரே வளைவு என்பதைக் குறிக்கிறது. 12 என்றால் அகலத்தில் 12 சதவீதம் பருமன். பலகை அகலம் 200 மி.மீ. என்று வைத்தால் பருமன் 24 மி.மீ. வரும், அதாவது 12 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டினால் அப்படியே கிடைத்துவிடும். உங்களுக்கு 200 என்று நான் சொல்வது அதற்காகத்தான். தண்ணீருக்குள் 60 செ.மீ. இறங்கட்டும்.

பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகமாக இருக்கட்டும். 303 முத்திரை சாதாரண ரகம், இந்த வேலைக்கு ஆகாது. தேக்குச் சட்டங்களை நீளவாக்கில் ஒட்டிச் செய்தால் பலம் கூடும் என்பது உண்மை. பிளைவுட்டில் அடுக்குகளில் பாதி குறுக்காகத்தானே ஓடுகின்றன. இருந்தாலும் முதல் தடவைக்கு பிளைவுட்டையே சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

இரண்டு பலகைகளையும் ஒட்டும்போது முறுக்கு விழக்கூடாது. முறுக்கிய சுக்கான், டில்லர் நடுவில் இருக்கும்போதும் ஒரு பக்கம் இழுக்கும். ஒட்டுவதற்குச் சமதளமான மேடை வேண்டும், அதற்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? பாலிஷ் போட்ட கிரானைட் பலகை ஒன்றைக் கீழே போட்டு, மேலே பாலித்தீன் விரித்து, எபாக்சி தடவிய பிளைவுட்டுகளை வைத்து, இன்னொரு கிரானைட்டை ஏற்றிவிடுங்கள். மறுநாள் எடுக்கலாம். பிசின் எபாக்சியாகவே இருக்கட்டும். ஃபைபர் தொட்டி செய்பவர்களிடம் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் மரத்தை அவ்வளவாகப் பிடிக்காது, ஓரிரு பருவத்தில் உரிந்து வரும். எபாக்சியின் இரண்டு பாகங்களையும் (பிசின், அதை இறுகவைக்கும் திரவம்) தராசில் எடை போட்டே கலக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கலவை டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும், அதனால் காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

இனி செதுக்குவது. ஒகேனக்கல் பரிசலுக்குச் சுக்கானே கிடையாது, துடுப்பிலேயே எல்லாம் நடந்துவிடுகிறது. ஆகவே உங்கள் ஆசாரி இப்படி ஒரு பொருளைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவருக்கு இறக்கை, விசை என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அளவைக் கொடுங்கள். முன்விளிம்பிலிருந்து 60 மி.மீ. தூரத்தில் ஒரு கோடு. அங்கே எதையும் எடுக்கக் கூடாது, பருமன் முழுதாக நிற்க வேண்டிய இடம் அது. அதற்கு முன்னால், 20 மி.மீ. கோட்டில் 2.6 மி.மீ. ஆழம், 10 மி.மீ. கோட்டில் 4.9, 5 மி.மீ. கோட்டில் 6.8 எடுக்க வேண்டும். பின்பக்கம், 100 மி.மீ. கோட்டில் 1.4, 120இல் 2.9, 140இல் 4.7, 160இல் 6.8, 180இல் 9.1. இதெல்லாம் ஒரு பக்கத்துக்கு, மறுபக்கமும் அதேதான். தண்ணீருக்கு மேலே தாடைப் பலகைகளுக்கு (சுக்கானை இருபக்கமும் பிடித்திருப்பவை) நடுவே உட்காரும் தலைப்பகுதியைத் தொடாமல் தட்டையாகவே விட்டுவிடுங்கள்.

ஆழத்தைக் கட்டுப்படுத்த எளிய வழி இருக்கிறது. வட்ட ரம்பத்தில் ஆழத்தை அரை மி.மீ. குறைத்து வைத்து, ஒவ்வொரு கோட்டிலும் நீளவாக்கில் ஒரு கீறல் ஓட்டுங்கள். அப்புறம் இழைப்புளியால், கீறல் மறையும்வரை இழைத்தால் போதும். மீதி அரை மி.மீ. உப்புத்தாளுக்கு. கதவுக்குப் பூவேலை செய்யும் சி.என்.சி. கடைகளில் கொடுத்தும் வெட்டலாம். ஆனால் பலகையைத் திருப்பிப் போடும்போது இருபக்கமும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். அதில் பழக்கமில்லாத கடை என்றால் கையால் செய்வதே மேல்.

இங்கேதான் பிளைவுட்டின் உபகாரம். இழைக்க இழைக்க அடுக்குகள் வெளுப்பும் பழுப்புமாக வரி வரியாகத் தெரியவரும். வரிகள் மேலிருந்து கீழ்வரை நேராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் வளைவு சீராக வந்திருக்கிறது. ஒரு வரி நெளிந்தால் அந்த இடத்தில் பள்ளமோ மேடோ இருக்கிறது. இடது பக்க வரிகளின் அகலத்தை வலது பக்கத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றா என்பதும் தெரிந்துவிடும். கடைசிச் சரிபார்ப்புக்கு, வளைவின் எதிர்வடிவத்தை 3 மி.மீ. அக்ரிலிக்கில் லேசர் கடையில் வெட்டி வாங்கி, விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்து மரத்தில் வைத்து அசையுங்கள். வெள்ளை ஒட்டிய இடம் மேடு. நீங்கள் எடுத்த வளைவு 0012இலிருந்து அரை மி.மீ. பிசகினால் ஒன்றும் குடி முழுகாது. இருபக்கமும் வேறுவேறாக இருந்தால்தான் தொல்லை. அடுத்த முக்கியமான இடம் முன்விளிம்பு. அதைக் கத்திபோலக் கூராக்கிவிடுவார்கள், விடாதீர்கள். 3 மி.மீ. ஆரமுள்ள உருண்டை வேண்டும். பின்விளிம்பை 2 மி.மீ. கனத்தில் சதுரமாக நிறுத்துங்கள், உருட்டக் கூடாது.

மேலே 200 கிராம் கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு, எபாக்சியில். இது அலங்காரத்துக்கு அல்ல. மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் நன்றாகத் திருப்பும்போது இந்தப் பலகையின் பக்கவாட்டில் 35 முதல் 40 கிலோ வரை சுமை விழும். வேகம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு. காய்ந்தபின் தலைப்பகுதியை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, பலகையின் நடுவில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். முனகல் சத்தம் கேட்டால், கண்ணுக்குத் தெரியுமளவு வளைந்தால், தாடைக்குக் கீழே இன்னும் இரண்டு அடுக்கு போடுங்கள். காய்ந்த எபாக்சி மேல் மெழுகுபோல ஒரு படலம் வரலாம், தேய்க்கும் முன் தண்ணீர்விட்டுக் கழுவிவிடுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், எபாக்சியைத் தொடும் நேரமெல்லாம் கையுறையும். போல்ட் போகும் துளையை இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டு, கெட்டியான எபாக்சியால் அடைத்து, அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். தண்ணீர் பிளைவுட்டுக்குள் புகுவது பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான். மேலே வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும், வெயில் எபாக்சியைத் தின்றுவிடும்.

இனி கனத்தின் கதை. படகின் பின்பலகையில் சுக்கானைத் தாங்கும் கீல்களின் வழியே ஒரு நேர்கோடு கீழே இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய பலகை முழுக்க அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால்தான் தண்ணீரின் தள்ளல் முழுவதையும் உங்கள் கை சுமக்கிறது. புதுப் பலகையின் முன்விளிம்பு கோட்டுக்கு 30 முதல் 35 மி.மீ. முன்னால் வரும்படி அமையுங்கள். 50 மி.மீ.யைத் தொட்டால் டில்லர் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும், அது கனத்தைவிட மோசம். மேலே தூக்கும்படியான சுக்கான் என்றால் பலகை முழுதாக இறங்கி முட்டுக்கட்டையில் உட்கார வேண்டும். கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் கனம் திரும்ப வந்துவிடும். பலகையைக் கீழே பிடித்துவைக்க ரப்பர் கயிறு போட்டால் வேகத்தில் நீண்டுவிடும், நீளாத கயிறாகப் போடுங்கள்.

எங்கே ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. கே.ஆர்.பி. அணை போன்ற நீர்த்தேக்கம் என்றால் நீர்வளத்துறை அனுமதி வேண்டும், அது தனிக் கதை. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் பாறை, மீனவர்களின் வலை எல்லாம் பலகையில் மாட்டும். அதனால் தூக்கும் சுக்கானாகவே செய்யுங்கள். பலகையைக் கீழே பிடித்துவைக்கும் கயிற்றை ஒரு மெல்லிய மரக்குச்சி ஆணியில் கட்டினால், பாறையில் இடித்தவுடன் குச்சி முறியும், சுக்கான் தப்பும். நாலைந்து குச்சி கூடுதலாகப் படகிலேயே கிடக்கட்டும்.

முதல் நாள் மிதமான காற்றில், உயிர்காப்புச் சட்டையோடு இறங்குங்கள். கனம் இன்னும் இருந்தால் முட்டுக்கட்டையைக் கொஞ்சம் இழைத்துப் பலகையை முன்னே விடுங்கள். டில்லர் துள்ளினால் அங்கே ஒரு தகடு வைத்துப் பின்னே தள்ளுங்கள். வேகம் எடுக்கும்போது சுக்கானிலிருந்து ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம், பின்விளிம்பில் தண்ணீர் மாறிமாறிச் சுழல்வதால் பலகை அதிர்கிறது. சதுரமாக விட்ட அந்த விளிம்பின் ஒரு மூலையை அரத்தால் சாய்வாக ராவிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.