டாட்ஜ் சகோதரர்கள் – ஒரு கடிதம்

வணக்கம். ஹென்றி ஃபோர்டு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டாட்ஜ் சகோதரர்களை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் தேடிப் படித்தவரை, ஃபோர்டால் கோடீஸ்வரர்களாகி, அவர்மீதே வழக்குப் போட்டு, அவருக்கே போட்டியாகக் கார் செய்த நன்றிகெட்டவர்கள் அவர்கள். குடித்துவிட்டு அடிதடியில் இறங்குவார்கள் என்றும் சொல்கிறார்கள். நான் நினைப்பது சரிதானா? இருவரில் உண்மையான மேதை யார்?

கேட்கக் காரணம் இருக்கிறது. நானும் அண்ணனும் சேர்ந்து லேத் பட்டறை நடத்துகிறோம். மிஷினில் நிற்பது நான். பார்ட்டிகளிடம் பேசுவதும் பணம் வசூலிப்பதும் அவர். வீட்டில் பிரிந்துவிடச் சொல்கிறார்கள். பிரிந்துவிடலாமா? மின்சாரக் கார் வந்துவிட்டால் எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வேலை இருக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அந்த இரண்டு வரிகள் எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தன. நீங்கள் சரியாக அங்கேயே கை வைத்துவிட்டீர்கள்.

மின்சாரக் காரைப் பற்றி ஜோசியம் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். குடித்தார்கள், அடித்தார்கள் என்பதெல்லாம் உண்மை. அண்ணன் ஜான் டாட்ஜின் கோபம் டெட்ராய்ட் மதுக்கடைகளில் பிரசித்தம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் நன்றிகெட்டவர்கள் என்று எழுதினீர்களே, அதுதான் தாங்கவில்லை. ஒரு பேராசிரியர் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். லேத்தில் நிற்கிறவர் எழுதலாமா?

1903-இல் ஹென்றி ஃபோர்டிடம் என்ன இருந்தது? அதற்கு முன் அவர் இறங்கிய இரண்டு கம்பெனிகளும் கைவிட்டுப் போயிருந்தன. டெட்ராய்டின் மாக் அவென்யூ தெருவில் ஒரு வாடகைக் கொட்டகை, பத்துப் பன்னிரண்டு ஆட்கள், ஒரு வரைபடம். டாட்ஜ் சகோதரர்களிடமோ முறையான பட்டறை இருந்தது, ஓல்ட்ஸ் என்ற கார் கம்பெனிக்கு கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் ஆர்டர் இருந்தது. அதை விட்டுவிட்டு, இரண்டு முறை விழுந்த ஒரு மனிதருக்கு 650 சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், செய்துதர ஒப்புக்கொண்டார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் பூட்டி ஒன்று 250 டாலர். குதிரை வண்டியில் ஏற்றி மாக் அவென்யூவில் இறக்கினார்கள். வேறொருவர் செய்த பாடியையும் இன்னொருவர் செய்த சக்கரத்தையும் ஃபோர்டின் ஆட்கள் அதில் மாட்டினார்கள். வண்டியில் ஃபோர்டு என்று பெயர் வந்தது.

அண்ணன் தம்பி இருவருக்குமாகக் கம்பெனியில் பத்து சதவீதப் பங்கு. அதன் விலை 10,000 டாலர். பெரும்பகுதியைச் சரக்காகவே கொடுத்தார்கள், மிச்சத்துக்குக் கடன்சீட்டு. கம்பெனி அன்று கவிழ்ந்திருந்தால் முதலில் முழுகியிருப்பது இவர்கள் பட்டறைதான். நன்றியை யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எஸ்?

எனக்கு ஏன் இவ்வளவு சூடு ஏறுகிறது என்று நினைப்பீர்கள். என் அப்பாவும் பெரியப்பாவும் கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தார்கள். பலகையில் பிரதர்ஸ் என்றுதான் இருக்கும். பம்பாயில் தயாரான டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் நம் சாலைகளில் ஓடிய காலம். கிங் பின் புஷ் தேய்ந்து வரும். அப்பா கன்மெட்டலை சக்கில் பிடித்துக் கடைவார். மஞ்சள் பொடியாக உதிர்ந்து அவர் கை ரோமத்தில் ஒட்டியிருக்கும். மைக்ரோமீட்டரை எடுக்கும் முன் விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு தவ் எடுக்கணும்" என்பார். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளந்தால் சரியாக இருக்கும்.

ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் செய்து கொடுத்தோம். சித்தி வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் அந்தப் பம்ப் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா செஞ்சது" என்றேன். எட்டு வயதிருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். பம்பின் மேல் பெரிய எழுத்தில் வேறு பெயர் இருந்ததே. பணம் வர ஆறு மாதம் ஆகும். பெரியப்பாதான் போய் அந்தக் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருப்பார். பிறகு அவர்களே நாலு லேத் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த மாதம் முதல் ஆர்டர் இல்லை. சொல்லக்கூட இல்லை.

ஜான் டாட்ஜ் அப்படிக் காத்திருக்கவில்லை. உதிரிபாகங்களை ஃபோர்டு ஒவ்வொன்றாகத் தன் ஆலையிலேயே செய்யத் தொடங்கியதைப் பார்த்தார். 1913-இல் ஃபோர்டு கம்பெனியின் துணைத் தலைவர் பதவியை உதறினார். 1914 நவம்பரில் அவர்களுடைய சொந்தக் கார் வெளியே வந்தது. இதற்குப் பெயர் துரோகமா?

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1916-இல் ஃபோர்டு கம்பெனியின் கையிருப்பு ஆறு கோடி டாலரை நெருங்கியிருந்தது. இனி வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம்தான் பங்காதாயம், மற்றதெல்லாம் விரிவாக்கத்துக்கு என்றார் ஹென்றி. பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1919-இல் ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்துக்கு மேல் பிரித்துக் கொடுக்கச் சொல்லி மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் பாதிக்கு மேல் ஹென்றிக்கே போயிற்று, பெரிய பங்குதாரர் அவர்தானே! அதே வருடம் டாட்ஜ் சகோதரர்களின் பங்குகளை இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார். அவர்களுடைய கார் வெளிவந்து அப்போது கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆகியிருந்தது. தேதியைப் பாருங்கள் எஸ். அந்தப் பணம் வந்த பிறகா கார் செய்தார்கள்?

யார் மேதை என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்காது. தம்பி ஹோரஸ் மிஷின்காரர். தூசி புகாத பால் பேரிங் ஒன்றை அவர் உருவாக்க, அதை வைத்து இருவரும் கனடாவின் வின்ட்ஸரில் சைக்கிள் செய்தார்கள். மண் ரோட்டில் ஓடும் சைக்கிளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜான் பேச்சுக்காரர், கணக்குக்காரர். நைல்ஸ் என்ற சிற்றூரில் அப்பாவின் வார்ப்புப் பட்டறையில் வளர்ந்த பிள்ளைகள். டெட்ராய்டில் ஒரு பாய்லர் கம்பெனியில் வேலை கேட்டபோது, ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றார்களாம். இரண்டு பேருக்கும் இருந்தால் வருகிறோம், இல்லாவிட்டால் ஒருவரும் வேண்டாம் என்றாராம் ஜான். பின்னாளில், ஒருவர் பெயருக்கு மட்டும் வந்த தொழில் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இதில் மேதையை எங்கே தேடுவீர்கள்?

1920 ஜனவரியில் கார் கண்காட்சிக்காக நியூயார்க் போனார்கள். இருவருக்கும் ஃப்ளூ. 14-ஆம் தேதி ஹோட்டல் அறையிலேயே ஜான் இறந்தார். ஹோரஸ் பிழைத்தார். பிழைத்தார் என்று சொல்வது பேச்சுக்குத்தான். டிசம்பர் 10-ஆம் தேதி அவரும் போய்விட்டார். டெட்ராய்டில் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் எகிப்தியக் கோயில் மாதிரி ஒரு கட்டடம். இரண்டு பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

எங்கள் பட்டறையின் பேங்க் கணக்கில் அப்பா, பெரியப்பா இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் பாஸாகும். பெரியப்பா போன பிறகு, மாற்றி எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்பா போகவில்லை. எட்டு மாதம், இரும்புக்காரர், கரண்ட் பில், ஆட்கள் சம்பளம் எல்லாம் ரொக்கமாகவே கொடுத்தார். கையில் இல்லாதபோது அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. கணக்கில் பணம் அப்படியே கிடந்தது. அம்மா திட்டினால், "போலாம், போலாம்" என்று மிஷினை ஓடவிட்டுக்கொள்வார்.

பிரிவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. பணம் கேட்டு எந்த வாசலில் உங்கள் அண்ணன் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அடியில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.