டிரையலில் சேரச் சொல்கிறார்கள், அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. இருபது வருடமாகச் சுகர், இப்போது யூரினில் புரோட்டீன் போகிறது, கிட்னி பழுதைக் காட்டும் கிரியாட்டினின் 1.8. வழக்கமாகப் பார்க்கும் கிட்னி டாக்டர், புது மருந்துக்கு டிரையல் நடக்கிறது, சேர்ந்தால் மாத்திரையும் டெஸ்டும் இலவசம் என்றார். அப்புறம் கோஆர்டினேட்டர் ஒருவர் வந்து 24 பக்க ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். "மனுஷனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று அம்மா அழுகிறார். மாட்டேன் என்றால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அப்பாவுக்குப் பயம். என்ன செய்யட்டும்?

பதில்: வெள்ளிக்கிழமையை முதலில் மறந்துவிடுங்கள், அது அவர்கள் வசதிக்குச் சொன்ன நாள். பத்து வருடத்துக்கு மேல் நானும் அந்தக் கோஆர்டினேட்டர் வேலையைத்தான் பார்த்தேன், இப்போது டிரையல்களுக்கு அனுமதி கொடுத்துக் கண்காணிக்கும் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் இருக்கிறேன், அதனால் அவசரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். இந்த மாதிரிப் பெரிய டிரையலுக்குப் பல நாடுகளில், பல ஆஸ்பத்திரிகளில் ஒரே சமயத்தில் ஆள் சேர்ப்பார்கள், மொத்த எண்ணிக்கை நிரம்பியதும் சேர்க்கை முடிந்துவிடும், அதற்குள் உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை பேர் என்று மருந்துக் கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கவலை அவர்களோடு இருக்கட்டும். படிவத்தை வீட்டில் வைத்துப் படித்து, வேண்டியவர்களிடம் கேட்டு, நிதானமாகப் பதில் சொல்லலாம். தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்பாவுக்குப் புரியாத மொழியில் இருப்பதில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.

இனி அம்மாவின் எலி. அப்பாவின் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள், டபாகிளிஃப்ளோசின் என்று ஒரு பெயர் அநேகமாக இருக்கும். சுகர் மாத்திரையாக வந்த மருந்து அது. கிட்னியையும் காப்பாற்றுமா என்று பார்க்க, இந்தியா உட்பட 21 நாடுகளில் 4304 பேர் ஒரு டிரையலில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. கிட்னியின் வேலை பாதிக்கு மேல் குறைவது, கிட்னி செயலிழப்பது, கிட்னி அல்லது இதய நோயால் இறப்பது எல்லாம் சேர்த்து வெற்று மாத்திரைக்காரர்களில் 14.5 சதவீதம் பேருக்கு நேர்ந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 9.2 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் 2020-ல் முன்கூட்டியே நிறுத்தினார்கள். இன்று அப்பா விழுங்கும் மாத்திரை முன்பின் தெரியாத அந்த 4304 பேர் வழியாகத்தான் அவரிடம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஆள் பிடிக்கிறவன் ஆகிவிடுவேன். அதே சர்க்கரை நோய்க் கிட்னிப் பாதிப்புக்குப் பார்டாக்சோலோன் என்று ஒரு மருந்து வந்தது. முதல் ஆய்வுகளில் கிட்னியின் வேலைத்திறன் நன்றாக ஏறியது, எல்லோருக்கும் ஒரே உற்சாகம். நோய் முற்றிய 2185 பேரை வைத்துப் பெரிய டிரையல் தொடங்கினார்கள். இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், அதனால் இறந்தவர்கள் என்று எண்ணினால் மருந்துப் பக்கம் 96 பேர், வெற்று மாத்திரைப் பக்கம் 55 பேர். 2012 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். அந்த டிரையலில் வெற்று மாத்திரை கிடைத்தவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள்.

இரண்டும் கிட்னி நோய்க்கான டிரையல்கள், இரண்டிலும் உள்ளே போனவர்களுக்கு முடிவு தெரியாது, சேர்த்த டாக்டருக்கும் தெரியாது. "புது மருந்து" என்று உங்கள் டாக்டர் சொன்னதை "இருப்பதைவிட நல்ல மருந்து" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள், பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் கேட்கின்றன. நல்லதா என்று தெரியாததால்தான் டிரையலே நடக்கிறது. அப்பாவுக்கு மருந்தா வெற்று மாத்திரையா என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். டாக்டருக்கே தெரியாத அளவுக்கு மூடி வைப்பார்கள், உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது: இப்போது சாப்பிடும் மருந்துகளில் எதையாவது நிறுத்துவீர்களா? பழைய மருந்தெல்லாம் அப்படியே தொடர, அதற்கு மேல் புது மாத்திரையோ வெற்று மாத்திரையோ சேர்கிறது என்றால் குலுக்கலில் வெற்று மாத்திரை விழுந்தாலும் அப்பாவுக்கு வழக்கமான வைத்தியம் குறையாது. டபாகிளிஃப்ளோசின் டிரையலும் அப்படித்தான் நடந்தது, பிரஷர் மாத்திரைகளை யாரும் பிடுங்கவில்லை. சில வாரம் ஏதாவது ஒரு மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொன்னால், எதை, எத்தனை நாள், அந்த நாட்களில் யார் கவனிப்பார்கள் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், பதில் இழுபட்டால் நான் சேர மாட்டேன். எத்தனையாவது கட்டம் என்றும் கேளுங்கள். மூன்றாம் கட்டத்துக்கு வந்த மருந்து என்றால் அதற்கு முன்பே வேறு மனிதர்கள் சாப்பிட்டு, அளவு ஓரளவு முடிவாகியிருக்கும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்டிருப்பார்கள். நிறைய பேர் எழுந்து போவது இந்த இடத்தில்தான். ஒருமுறை ஒரு பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாமினி கேட்கிறீர்களே, சாகப் போகிறேனா தம்பி?" என்று கேட்டார். இதைக் கேட்கச் சொல்வது 2019-ல் வந்த புது மருந்துகள், கிளினிக்கல் டிரையல் விதிகள். டிரையலால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சை, இழப்பீடு இரண்டும் உண்டு, மரணம் என்றால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்குத்தான் நாமினி. தொகையைக் கணக்கிடச் சூத்திரமே இருக்கிறது, 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து வயதையும், சேரும்போது நோய் எவ்வளவு கடுமை என்பதையும் கொண்டு போடுவார்கள். 65 வயதானவர் இறந்தால் பொதுவாக 4 லட்சத்திலிருந்து 32 லட்சம் வரை வரும், வயது குறைந்தால் தொகை கூடும். கையெழுத்தான படிவத்தின் நகலை அப்பா கையில் கொடுத்தே ஆக வேண்டும். "ஃபைலில் பத்திரமாக இருக்கிறது சார்" என்பதெல்லாம் பதில் இல்லை.

இந்த டிரையல் உண்மையானதுதானா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இந்தியாவில் நடக்கும் இப்படிப்பட்ட மருந்து டிரையல்கள் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும், 2009 ஜூனிலிருந்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கோஆர்டினேட்டரிடம் பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் தேடினால் யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த ஆஸ்பத்திரி, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று வரும். உங்கள் ஆஸ்பத்திரி பெயரும் அதன் எத்திக்ஸ் கமிட்டியும் அதில் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது ஆஸ்பத்திரிக்கு வெளியே உள்ளவர்கள், தலைவரும் வெளியாள்தான். மருத்துவம் படிக்காத ஒருவரும் இருப்பார், எங்கள் கமிட்டியில் மிகக் கஷ்டமான கேள்விகள் அவரிடமிருந்துதான் வருகின்றன. படிவத்தில் கமிட்டியின் தொடர்பு எண் இருக்கும், நோயாளியின் வீட்டார் நேரடியாகப் பேசலாம், தவறில்லை.

யாரும் சொல்லாத தொல்லை ஒன்று, அலைச்சல். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க விடியற்காலை பஸ் பிடித்து வந்த ஒருவர், ஸ்டாண்டில் ஒரே ஒரு டீ குடித்துவிட்டார் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன், மறுநாள் மறுபடி அதே பஸ். மீதி மாத்திரைகளையும் காலிப் பட்டைகளையும் ஒன்று விடாமல் கொண்டுவர வேண்டும், உட்கார்ந்து எண்ணுவோம். இரண்டு மூன்று வருடம் இப்படி ஓடும் என்றால் கூடப் போவது யார், பஸ் காசு தருவார்களா, வேலைக்குப் போகும் நீங்கள் எத்தனை நாள் லீவு போட முடியும் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். இத்தனைக்கும் அப்பா சரி என்று சொன்ன பிறகு, சேர்ப்பதற்கு முன் செய்யும் ஸ்கிரீனிங் டெஸ்டில் ஏதாவது ஓர் அளவு முன்னே பின்னே இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதை ஏமாற்றமாக நினைக்க வேண்டாம்.

டாக்டர் கோபிப்பாரா? கோபிக்கக் கூடாது. சேரவில்லை என்றாலும், சேர்ந்து பாதியில் வந்துவிட்டாலும் வழக்கமான வைத்தியம் குறையாது என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் இத்தனை நாளாகக் கையெடுத்துக் கும்பிட்ட டாக்டரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது அப்பாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது, அதை நீங்கள் சொல்லுங்கள், "வீட்டில் பேசினோம் சார், இப்போதைக்கு வேண்டாம்" போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. பாதியில் விலகுவதாக இருந்தால் மட்டும் சொல்லிவிட்டு விலகுங்கள், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தலாமா, எப்படி நிறுத்துவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். டிரையல் முடிந்ததும் அந்த மருந்து தொடர்ந்து இலவசமாக வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வேறு வைத்தியமே இல்லாத நோய்களுக்குத்தான் விதி அதற்கு இடம் தருகிறது, அப்பாவின் நோய்க்கு மருந்துகள் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், மூன்றாம் கட்டம், பழைய மருந்து எதுவும் நிற்காது, ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சேரலாம் என்பேன். அடிக்கடி பார்ப்பார்கள், ரத்தம் ஒழுங்காகச் சோதிப்பார்கள், அது சின்ன லாபம் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: அவசரத்துக்கு 24 மணி நேரமும் கூப்பிடலாம் என்று படிவத்தில் ஒரு நம்பர் போட்டிருப்பார்களே, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அதைக் கூப்பிட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.