கிரைண்டரைப் பெட்ரோலில் துடைக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் கிரில், கேட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன் சார். ஆங்கிள் கிரைண்டர், டிரில்லிங் மெஷின் எல்லாம் கிரீஸும் இரும்புத் தூளும் அப்பி, கறுத்துப் பிசுபிசுவென்று கிடக்கின்றன. பக்கத்துப் பட்டறையில் பெட்ரோலில் துடைத்துவிட்டு, கம்ப்ரசர் காற்றை அடித்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா?

பதில்: பெட்ரோல் கூடவே கூடாது. மெஷின் ஓடும்போது, சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பொறி வரும். பெட்ரோல் ஆவி உள்ளே தங்கியிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் கையிலேயே தீப்பிடிக்கலாம். மண்ணெண்ணெய் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 35 டிகிரியைத் தாண்டினாலே அதன் ஆவியும் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வரலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்குள் அந்தச் சூடு சாதாரணம். மண்ணெண்ணெய் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் மறுநாளே புதுத் தூசி ஒட்டும். தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். சில வகை பிளாஸ்டிக்கில் உடனே ஒன்றும் தெரியாது. மயிரிழை விரிசல் விட்டு, ஒருநாள் கீழே விழும்போது உடையும்.

ஆனால் வெளியே ஒட்டிய பிசுக்கைவிட, காற்றுத் துளை வழியாக உள்ளே போகும் இரும்புத் தூளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். உங்கள் கிரைண்டரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அது இரட்டை மின்காப்பு (டபுள் இன்சுலேஷன்) மெஷின்; அதற்கு எர்த் ஒயர் கிடையாது. உள்ளே உள்ள காப்பை நம்பித்தான் கையில் பிடிக்கிறோம். இரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். அது உள்ளே படிந்துகொண்டே போனால் அந்தக் காப்பே பலவீனமாகி ஷாக் அடிக்கலாம். ஏற்காடு எஸ்டேட் வேலைக்கு மெஷினை மேலே கொண்டுபோனால் இன்னும் கவனம் வேண்டும். மூடுபனி ஈரத்தில் தூள் கெட்டிப்பட்டுத் துருவாகிவிடும்.

அதனால் முதல் வேலை எப்போதும் உலர் வேலைதான். பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி மெஷினென்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷால் துளைகளைச் சுற்றித் தட்டிவிடுங்கள். கம்ப்ரசர் காற்று நல்லதுதான், அடிக்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. முதலில் டேங்க்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பிரஷரை 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, நாசிலைத் துளையில் வைத்து அழுத்தாமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சாய்வாக விட்டுவிட்டு அடியுங்கள். முழு வேகத்தில் நேராக அடித்தால் தூள் காயிலுக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

தூள் போன பிறகு பிசுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு போதும். பனியன் வேஸ்ட்டை நனைத்து, ஒரு சொட்டும் வடியாத அளவுக்குப் பிழிந்து துடையுங்கள். தண்ணீரோ ஸ்பிரேயோ துணியில்தான் படவேண்டும், மெஷினில் நேராகப் படக்கூடாது. கைப்பிடி ரப்பர் வரிகளுக்குப் பழைய டூத்பிரஷ். கெட்டியான கறை வரவில்லையென்றால் துளி தேங்காய் எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விட்டு, பிறகு சோப்புத் துணியால் எடுங்கள். தேய்ப்புப் பவுடர் வேண்டாம், கீறல்களில் மறுபடி அழுக்கு ஏறும். கடைசியில் வெறும் ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி.

டிரில்லிங் மெஷினில் பிட்டைப் பிடிக்கும் ‘சக்’கைச் சுத்தம் செய்யும்போது அதன் வாய் கீழே பார்த்திருக்கட்டும். கழன்ற அழுக்கு மெஷினுக்குள் இறங்காது. காய்ந்ததும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டுத் துடைத்துவிடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை மோட்டார் பக்கம் அடிக்காதீர்கள், பேரிங்கில் இருக்கும் கிரீஸை அது கழுவிவிடும்.

துடைத்த சில நாளிலேயே கிரைண்டரின் கியர் தலைப்பக்கம் மறுபடி கிரீஸ் கசிந்தால் துடைப்பதில் பயனில்லை. சீல் போயிருக்கும், அல்லது சர்வீஸில் கிரீஸை அளவுக்கு மேல் அடைத்திருப்பார்கள். கூடுதல் கிரீஸ் சூட்டில் இளகி மோட்டாருக்குள் இறங்கும். கியர் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்துவிடட்டும்.

சுத்தம் செய்ததை நிழலில் ஒரு இரவு காயவிட்டு, காலையில் லோடு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். கருகல் வாடையோ வழக்கத்தைவிடப் பெரிய பொறியோ வந்தால் உடனே நிறுத்தி, காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள்.