மிஞ்சிய மின்சாரத்துக்கு எவ்வளவு வரவு?

வீட்டுக் கூரையில் சோலார் பேனல் வைத்து, மிஞ்சிய மின்சாரத்தை வெளியே அனுப்புவது பற்றித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சென்ற மாதம் 200 யூனிட் வெளியே அனுப்பினேன், 200 யூனிட்தான் வாங்கினேன். ஆனாலும் பில் வந்திருக்கிறதே? (சாட்ஸ்வொர்த்)

யூனிட்டுக்கு யூனிட் கழிப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டு உறவினர் யாரேனும் அப்படிச் சொல்லியிருக்கவும் கூடும். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் நடப்பது வேறு. இருவழி மீட்டர் வாங்கியதையும் அனுப்பியதையும் தனித்தனியாக அளக்கிறது; வாங்கியதற்கு முழு விலையும் அனுப்பியதற்குக் குறைந்த விலையும் போட்டு, பின்னதைப் பணமாக, அதாவது ரேண்டாக, பில்லில் கழிக்கிறார்கள். அந்த விலையை அந்தந்த மாநகராட்சியும் நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காமும் தனித்தனியே வைத்திருப்பதால், கேப் டவுனில் இருக்கும் தம்பியின் பில்லோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பயனில்லை.

கணக்குக்காக, வாங்கும் விலை 3 ரேண்ட், வரவு 1 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். 150 லிட்டர் கீசரில் தண்ணீரின் வெப்பத்தை 40 டிகிரி கூட்ட ஏறக்குறைய 7 யூனிட் பிடிக்கும். இருட்டிய பிறகு போட்டால் 21 ரேண்ட் செலவு. டைமர் வைத்துப் பகல் பதினொரு மணிக்குக் கூரை மின்சாரத்திலேயே போட்டால், கைவிட்டுப்போவது 7 ரேண்ட் வரவு மட்டுமே. ஆகவே, விற்பதற்கென்றே கூடுதல் பேனல் வாங்கச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். துணி துவைப்பதையும் பகலுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகும் மிஞ்சுவதை அனுப்புவதே என் யோசனை.

சோலார் போட்டபின் பிரீபெய்டு மீட்டரில் யூனிட் முன்னைவிட வேகமாகக் கரைகிறது. மீட்டர் பழுதா? (பீனிக்ஸ்)

பழுது இல்லாமலும் இருக்கலாம். சில பிரீபெய்டு மீட்டர்களுக்கு மின்சாரம் எந்தத் திசையில் போகிறது என்பது தெரியாது. நீங்கள் அனுப்புவதையும் வாங்கியதாகவே எண்ணிவிடும். வேறு சில, மின்சாரம் திரும்பி ஓடுவதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு இணைப்பையே துண்டித்துவிடும். வெயில் உச்சியில் இருக்கும்போது, வீட்டில் எதையும் ஓடவிடாமல், மீட்டரில் மீதி யூனிட்டைக் காட்டும் எண்ணைப் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை குறித்துப் பாருங்கள். எண் குறைந்திருந்தால், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டரின் அமைப்பை, வெளியே அனுப்பாதபடி மாற்றித்தரப் பொருத்தியவரிடம் சொல்லுங்கள். வரவு வேண்டுமென்றால், மாநகராட்சியில் பதிவு செய்து இருவழி மீட்டர் பெற்றாக வேண்டும். அதற்கு, வேலை விதிப்படி நடந்திருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் தரும் சான்றும், இன்வெர்ட்டர் பொது மின்கம்பியோடு இணைப்பதற்கான என்ஆர்எஸ் 097 தரத்துக்கு உட்பட்டது என்ற ஆவணமும் கேட்பார்கள். பொருத்தியவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே இவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள்.

நல்ல வெயிலிலும், லைன் போனால் பேனல் நின்றுவிடுகிறது. ஏன்? (டோங்காட்)

தெருக் கம்பியைப் பழுதுபார்ப்பவர் மேல் உங்கள் மின்சாரம் பாயாமல் இருக்க, இன்வெர்ட்டர் தானே அடங்கிவிடுகிறது. பேட்டரியும் அதற்குரிய இன்வெர்ட்டரும் இருந்தால் வீட்டுக்குள் மட்டும் ஓடும்.

சென்னையில் அண்ணன் பேனலைத் தெற்கு நோக்கி வைத்திருக்கிறார். நாங்களும் அப்படியே வைக்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கூடாது. இங்கே சூரியன் வடக்கில் சாய்ந்து செல்வதால் பேனலும் வடக்கைப் பார்க்க வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விலை ஏறும். அந்தக் குளிர்கால வெயில் தாழ்வாக வருவதால், தெற்குக் கூரைக்கு அப்போதுதான் விளைச்சல் மிகவும் குறையும். உங்கள் கூரை கிழக்கும் மேற்குமாக இறங்கினால் இரு பக்கமும் பிரித்து வைக்கலாம். மொத்த விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும், மாலைச் சமையல் நேரத்துக்கு மேற்குப் பக்கம் கைகொடுக்கும்.